கட்டாமல் விட்ட கரை

இத்தாலியின் சார்டினியா தீவில் உள்ள கோஸ்டா ஸ்மெரால்டா கடற்கரையில், ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ வாங்கும் ஹோட்டல்கள் பாறைகளுக்கு நடுவே பதுங்கி நிற்கின்றன. 60 ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கரையின் அழகைக் காத்து நிற்பது எது? மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் விடுமுறையைக் கழிக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

சார்டினியாவின் வடகிழக்குக் கரையோரமாகப் படகில் போனால் முதலில் கண்ணில் படுவது பாறைதான். இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த கிரானைட் பாறை. காற்றும் உப்பும் காலங்காலமாகக் குடைந்து அதற்கு விதவிதமான உருவங்கள் கொடுத்திருக்கின்றன. பாலாவ் ஊருக்கு அருகே, கடலைப் பார்த்தபடி ஒரு கரடியே நிற்கிறது. பாறைகளின் இடுக்கில் ஜூனிப்பர், மிர்ட்டில், காட்டு ஆலிவ் புதர்கள். அவற்றுக்குக் கீழே சின்னச் சின்ன வளைவுகளாக வெள்ளை மணல். கரையோரம் வெளிர்பச்சையாகத் தொடங்கும் தண்ணீர், சற்றுத் தள்ளி மயில்கழுத்து நிறமாகி, அதற்கப்பால் கருநீலத்தில் போய் முடிகிறது.

இந்தக் கரையில்தான் ஐரோப்பாவின் மிக விலை உயர்ந்த கடலோர ஹோட்டல்களில் சில இருக்கின்றன. அரச குடும்பத்தினர், திரை நட்சத்திரங்கள், தொழிலதிபர்கள் எனப் பலரும் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே வந்து குவிகிறார்கள். அப்படியிருந்தும் கடலிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஹோட்டல் சட்டென்று அகப்படாது. மரத்தைவிட உயரமாக எதுவும் எழும்பவில்லை. விளம்பரப் பலகை இல்லை. மின்கம்பி இல்லை. கட்டடத்தின் நிறம் பாறையின் நிறமாகவே இருக்கிறது.

அவ்வளவு பணம் கொடுத்து மனிதர்கள் இங்கே எதை வாங்குகிறார்கள்? பளிங்குத் தரையும் பட்டுத் திரையும் எந்த ஊரிலும் கிடைக்கும். இங்கே விற்பனைக்கு இருப்பது, கட்டிடங்கள் தின்றுவிடாத ஒரு கடற்கரை. அந்தக் கரை தற்செயலாகத் தப்பவில்லை. அதன் பின்னால் ஒரு நோயும், ஓர் இளைஞரின் பிடிவாதமும், சில கட்டடக் கலைஞர்களின் அடக்கமும், கடுமையான சட்டங்களும் இருக்கின்றன.

மகள்களுக்குக் கொடுத்த நிலம்

சார்டினியா சின்னத் தீவு அன்று. மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு. பரப்பு சுமார் 24,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு நீண்ட கரை இருந்தும், சார்டினியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கடலுக்கு முதுகு காட்டியே வாழ்ந்தார்கள். கடலிலிருந்து கொள்ளையர்கள் வந்தார்கள். கரையோரச் சதுப்புகளிலிருந்து மலேரியா வந்தது. ஆகவே ஆட்டு மந்தைகளோடு மலைப்பக்கம் ஒதுங்குவதே பிழைக்கும் வழியாக இருந்தது.

கல்லூரா என்று அழைக்கப்படும் வடகிழக்குப் பகுதியில் இந்தப் பழக்கம் சொத்துப் பங்கீட்டிலும் தெரிந்தது. மேய்ச்சலுக்கு உகந்த உள்நாட்டு நிலம் மகன்களுக்கு, உப்புக்காற்றில் எதுவும் விளையாத கடலோர நிலம் மகள்களுக்கு என்று குடும்பங்கள் பிரித்துக்கொண்டதாக அந்தப் பகுதியில் இன்றும் சொல்வார்கள். பின்னாளில் அந்த உதவாக்கரை நிலத்துக்குத்தான் உலகம் போட்டி போட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. 1946 முதல் 1950 வரை ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் வழிகாட்டுதலில் தீவு முழுவதும் டிடிடி தெளிக்கப்பட்டது. வீடு, மாட்டுத்தொழுவம், குகை, ஓடை, குட்டை என்று எதுவும் விடுபடவில்லை. கொசு இனத்தையே அடியோடு அழிப்பதுதான் திட்டத்தின் நோக்கம். அது நடக்கவில்லை, கொசு பிழைத்துக்கொண்டது. ஆனால் மலேரியா தீவை விட்டு ஒழிந்தது. சார்டினியாவின் கடற்கரைச் சுற்றுலா என்று இன்று நாம் பார்க்கும் அத்தனைக்கும் அஸ்திவாரம் அந்த நான்கைந்து ஆண்டு உழைப்புதான்.

அப்போதும் கல்லூராவின் கரையில் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஸ்தாத்ஸோ எனப்படும் ஆட்டு இடையர்களின் தாழ்ந்த கல்வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அவ்வளவுதான்.

ஓர் இளைஞரின் பிடிவாதம்

1950-களின் இறுதியில் அந்தக் கரைக்கு வந்தவர்களில் ஒருவர் இளவரசர் கரீம். நான்காம் ஆகா கான் என்று உலகம் அறிந்தவர். 1957-ல், 20 வயதில், இஸ்மாயிலி முஸ்லிம்களின் 49-வது இமாமாகப் பொறுப்பேற்றவர். இந்திய வாசகர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. காந்தியும் கஸ்தூர்பாவும் 1942 முதல் சிறைவைக்கப்பட்ட, கஸ்தூர்பா உயிர்விட்ட புனே ஆகா கான் மாளிகை இவர் தாத்தா கட்டியது. அதை 1969-ல் இந்திய மக்களுக்கு அளித்தவர் இவர். டெல்லியில் ஹுமாயூன் கல்லறை புதுப்பொலிவு பெற்றதும் இவருடைய அறக்கட்டளையின் பணியால்தான்.

நண்பர்கள் சிலரோடு சேர்ந்து இடையர் குடும்பங்களிடமிருந்து நிலத்தை வாங்கிய கரீம், 1962 மார்ச் மாதம் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். கோஸ்டா ஸ்மெரால்டா கூட்டமைப்பு என்று அதற்குப் பெயர். அதில் சேரும் நில உரிமையாளர் ஒவ்வொருவரும் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும். சொந்த நிலமாகவே இருந்தாலும் நினைத்தபடி கட்டக் கூடாது. வரைபடம் கட்டடக் கலைக் குழுவின் முன்னால் வர வேண்டும். உயரம், கூரை ஓடு, சுவரின் நிறம், ஜன்னலின் அளவு, நடும் செடி என எல்லாவற்றையும் குழு பார்க்கும். மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் பூமிக்கு அடியில்தான் போக வேண்டும்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஸ்பெயினின் மயோர்காவிலும், ஃபிரான்ஸ், இத்தாலி கரைகளிலும் கடலை ஒட்டிக் கான்கிரீட் அடுக்குமாடிகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த 1960-கள் அவை. ஒரு மீட்டர் கடல் காட்சி கிடைத்தால்கூடப் பத்து மாடி எழுப்பிப் பணம் பண்ணிவிடலாம் என்ற வெறி எங்கும் இருந்தது. அந்த நேரத்தில் இருபதுகளில் இருந்த ஒரு முதலீட்டாளர், குறைவாகக் கட்டினால்தான் நிலத்தின் மதிப்பு நிற்கும் என்று முடிவெடுத்தார். 1977-ல் அவர் தொடங்கிய ஆகா கான் கட்டடக் கலை விருது இன்றுவரை தொடர்கிறது. கட்டடத்தின் மேல் அவருக்கிருந்த காதலுக்கு முதல் சோதனைக்களமாக இருந்தது இந்தக் கரை.

வெறும் நிலத்தில் ஓர் ஊரையே எழுப்புவதென்றால் ஹோட்டல் மட்டும் போதாது. 1963-ல் அலிசார்தா என்ற விமான நிறுவனம் தொடங்கப்பட்டது. ஓடுகளும் பீங்கான் வேலைப்பாடுகளும் செய்ய ஒல்பியாவில் செராசார்தா பட்டறை வந்தது. போர்ட்டோ செர்வோ என்ற துறைமுக ஊர் உருவானது. 1967-ல் பாய்மரப் படகுச் சங்கம், 1972-ல் கோல்ஃப் மைதானம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தது. கரீம் 2025 பிப்ரவரி 4 அன்று லிஸ்பனில் காலமானார். தம் இருபதுகளில் அவர் போட்ட விதிகள் அவரைத் தாண்டியும் நிற்கின்றன.

மூவர் வரைந்த மூன்று ஹோட்டல்கள்

கோஸ்டா ஸ்மெரால்டாவின் பெயரை உலகுக்குக் கொண்டுபோன ஹோட்டல்களில் மூன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றும் 1960-களின் முதல் பாதியில் எழுந்தவை. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

முதலாவது, 1963-ல் திறந்த காலா தி வோல்பே. வரைந்தவர் ஃபிரான்ஸைச் சேர்ந்த ஜாக் குவெல். நேர்கோட்டின் மேல் நம்பிக்கையே இல்லாதவர். வீட்டைச் சிற்பம் போலச் செதுக்க வேண்டும் என்று நினைத்தவர். ஹோட்டலைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஏதோ பழைய மீனவர் குடியிருப்பு என்றே நினைப்பார்கள். சரிந்த கூரைகள், கோணல் வளைவுகள், சின்னக் கோபுரங்கள், வெயிலில் வெளிறிய காவிச் சுவர்கள், கடலுக்குள் நீளும் மரப்பாலம். பல தலைமுறையினர் தேவைக்குத் தேவை கட்டிச் சேர்த்தது போன்ற தோற்றம். அத்தனையும் ஒரே மனிதர் திட்டமிட்டு வரைந்தது. 1977-ல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்தில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ரோஜர் மூர் தங்குவது இங்கேதான். அந்தப் படத்துக்குப் பிறகு இந்த ஹோட்டலை அறியாதவர் இல்லை என்றானது.

இரண்டாவது, பித்ரித்ஸா. இத்தாலியக் கட்டடக் கலைஞர் லூயிஜி வியெத்தியின் கைவண்ணம். மூன்றிலும் சிறியது, மூன்றிலும் அமைதியானது. இடையர்களின் ஸ்தாத்ஸோ வீட்டைப் பார்த்துப் பாடம் கற்றவர் வியெத்தி. கல்லால் கட்டிய தாழ்வான வில்லாக்கள் பாறைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கூரையின் மேலே மண் பரப்பிப் புல்லும் செடியும் வளர்த்திருக்கிறார்கள். நீச்சல்குளம் கிரானைட் பாறையிலேயே குடையப்பட்டது. அதில் நிரம்புவது கடல்நீர். குளத்தின் விளிம்பில் நின்றால் குளம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். உலகெங்கும் சொகுசு விடுதிகள் இன்று பெருமையாகக் காட்டும் ‘முடிவிலி’ நீச்சல்குளங்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே இது இங்கே இருந்தது.

மூன்றாவது, மிக்கேலே பூசிரி வீச்சி வரைந்து 1965-ல் திறந்த ரொமாத்ஸினோ. ரோம் நகரைச் சேர்ந்த இவர் மற்ற இருவரையும் போலப் பாறைக்குள் ஒளியவில்லை. சுண்ணாம்பு வெண்மை பூசினார். ஆனால் மூலையே தெரியாதபடி ஒவ்வொரு சுவரையும் உருட்டி, வளைத்து, குழைத்து வைத்தார். கீழே மணல், மேலே மலைச்சரிவு, நடுவே அலையின் நுரை ஒதுங்கியது போல ஒரு கட்டடம். 2024 கோடையிலிருந்து பெல்மாண்ட் குழுமம் இதை நடத்துகிறது. போர்ட்டோ செர்வோவில் குன்றின் மேல் நிற்கும் ஸ்டெல்லா மாரிஸ் தேவாலயமும் இவர் வரைந்ததே. அதே வெண்மை, அதே குழைவு. எல் கிரேக்கோவின் ஓவியமாகக் கருதப்படும் வியாகுல மாதா படம் ஒன்று அதற்குள் இருக்கிறது. ஹோட்டலுக்குள் நுழையப் பணம் வேண்டும். தேவாலயத்துக்குள் யாரும் போகலாம்.

சொகுசு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் பெரிய மண்டபத்தையும் தொங்கும் சரவிளக்கையும் தேடுகிறது. இங்கே அவற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். கரடுமுரடான சுவர், ஜூனிப்பர் மரத்தின் முறுக்கிய கிளையையே உத்தரமாக வைத்த கூரை, கைவேலைப் பீங்கான், உள்ளூர்த் தறியில் நெய்த விரிப்பு. வேலைக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் மிர்ட்டில் இலை மணமும் உப்புக்காற்றும் வரும். இந்த எளிமைக்குப் பின்னால் பெரும் செலவு இருக்கிறது என்பது உண்மை. பணத்தைக் காட்டிக்கொள்ளாமல் செலவழிக்கத் தெரிந்த கட்டடக் கலை இது என்பதும் உண்மை.

கடல் அரசுக்குச் சொந்தம், அதாவது எல்லோருக்கும்

கோஸ்டா ஸ்மெரால்டாவைப் பற்றி வெளியே பரவியிருக்கும் பெரிய தவறான எண்ணம், அது பணக்காரர்களின் தனிக் கடற்கரை என்பது. இத்தாலியில் கடற்கரையை யாரும் விலைக்கு வாங்க முடியாது. 1942-ம் ஆண்டின் கடல்பயணச் சட்டத்தின்படி கரையும் மணலும் அரசின் சொத்து. ஹோட்டலோ, குடையும் சாய்வுநாற்காலியும் வாடகைக்கு விடுகிறவரோ அரசிடம் உரிமம் பெற்று ஒரு பகுதியைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். 2006 இறுதியில் வந்த சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: உரிமம் பெற்றவர்கள், தண்ணீரை ஒட்டிய பகுதிக்குப் போகவும் அங்கே குளிக்கவும் பொதுமக்களை இலவசமாக அனுமதித்தே ஆக வேண்டும்.

ஆகவே காப்ரிச்சோலி, லிஷா ருயா, கிராண்டே பெவெரோ, ரொமாத்ஸினோ என்று இந்தப் பகுதியின் பெயர்பெற்ற கடற்கரைகள் எல்லாவற்றிலும் ஒரு துண்டை விரித்து யாரும் உட்காரலாம். ‘இளவரசர் கடற்கரை’ என்று ஆகா கானின் பெயரால் அழைக்கப்படும் ஸ்பியாஜ்ஜா தெல் பிரின்சிபே அவற்றில் மிக அழகானது. காரை மேலே நிறுத்திவிட்டுப் புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்து இறங்க வேண்டும். ஹோட்டல் அறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவரும், 30 கிலோமீட்டர் தள்ளி ஒல்பியாவில் சாதாரண அறை எடுத்தவரும் அங்கே ஒரே தண்ணீரில்தான் நீந்துகிறார்கள். இறங்கியதும் கிடைக்கும் சந்தோஷத்தில் கடுகளவும் வித்தியாசமில்லை.

கோடையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு, நிறுத்தக் கட்டணமும் உண்டு, பாதைகளைக் கண்டுபிடிப்பது சில இடங்களில் சிரமம் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமை சட்டத்தில் இருப்பது ஒன்று. கையில் வருவது இன்னொன்று. ஆனால் உரிமை சட்டத்தில் இருப்பதால்தான் அதைக் கேட்டு வாங்க முடிகிறது.

இரண்டு கிலோமீட்டர் கோடு

தனியார் ஒருவரின் நல்ல ரசனையை மட்டும் நம்பி ஒரு கரையை விட்டுவிட முடியாது. ஆகா கானின் குழுவே 1970-களுக்குப் பிறகு பல லட்சம் கன மீட்டர் கட்டடம் எழுப்பப் பெரிய விரிவாக்கத் திட்டம் வைத்திருந்தது. உள்ளூர் அரசியலும் சுற்றுச்சூழல் எதிர்ப்பும் அதைத் தடுத்தன. மெல்ல அவர் அங்கிருந்து விலகினார். 2003-ல் அமெரிக்க முதலீட்டாளர் டாம் பராக்கின் நிறுவனம் ஹோட்டல்களை வாங்கியது. 2012-ல் கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனத்திடம் கைமாறின. கை மாறும்போதெல்லாம் இன்னும் கட்டலாம் என்ற ஆசையும் கூடவே வந்தது.

அந்த ஆசைக்கு முன்னால் நின்றது சட்டம். கரையிலிருந்து 300 மீட்டர் வரை இயற்கைக் காட்சி பாதுகாக்கப்பட வேண்டும் என்று இத்தாலி 1985-லேயே சட்டம் போட்டது. சார்டினியா ஒரு படி மேலே போனது. இணையத் தொழிலில் பேர் வாங்கிய ரெனாத்தோ சோரு 2004-ல் மாநிலத் தலைவரானார். வந்த சில மாதங்களிலேயே கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தார். 2006-ல் முழுமையான நிலக்காட்சிப் பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு, வெளியாட்களின் விடுமுறை இல்லங்கள், 14 மீட்டருக்கு மேல் நீளமான உல்லாசப் படகுகள், தனியார் விமானங்கள் ஆகியவற்றுக்கு வரி விதித்தார். பணக்காரர்கள் வேறு கரையைத் தேடிப் போய்விடுவார்கள் என்று கூச்சல் எழுந்தது. வெளியாரைப் பாகுபடுத்துகிறது என்று இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் ஐரோப்பிய நீதிமன்றமும் குறை சொன்னதில் வரி வீழ்ந்தது. பாதுகாப்புத் திட்டம் நிலைத்தது.

பின்னால் வந்த அரசுகள் வீட்டை விரிவாக்கலாம், ஹோட்டலைப் பெரிதாக்கலாம் என்று விலக்குகள் கொடுக்க முனைந்தன. அரசியலமைப்பு நீதிமன்றம் 2022-ல் அவற்றில் பலவற்றை ரத்து செய்தது. போராட்டம் முடியவில்லை. ஆனால் இன்று சார்டினியாவின் கரையில் மைல் கணக்கில் கட்டடமே இல்லாமல் நடக்க முடிகிறதென்றால் அதற்கு அந்த 2 கிலோமீட்டர் கோடும் காரணம். சொகுசு ஹோட்டல்களுக்கு எதிரி என்று பேசப்பட்ட சட்டம், அந்த ஹோட்டல்கள் விற்கும் பொருளையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

மணலைத் திருடினால் அபராதம்

கட்டடத்துக்கு அடுத்த ஆபத்து கூட்டம். லா மத்தலேனா தீவுக்கூட்டத்தில் புதெல்லி என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மணல் இளஞ்சிவப்பு. கடலடியில் வாழும் நுண்ணுயிரி ஒன்றின் சிவந்த ஓடு பொடிப்பொடியாகி மணலோடு கலப்பதால் வந்த நிறம் அது. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி 1964-ல் எடுத்த ‘சிவப்புப் பாலைவனம்’ படத்தில் அந்தக் கரை வந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் கைநிறைய அள்ளிப் போனார்கள். 1990-களிலிருந்து அங்கே கால் வைக்கவே தடை. மௌரோ மொராந்தி என்ற முன்னாள் ஆசிரியர், 1989 முதல் 2021 வரை அந்தத் தீவில் தன்னந்தனியாக வாழ்ந்து கரையைக் காத்து வந்தார். 2025 ஜனவரியில் அவர் மறைந்தார்.

மற்றக் கரைகளில் மணல் அள்ளினால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் என்று 2017-ல் சட்டம் வந்தது. 2019-ல் ஒரு ஃபிரெஞ்சுத் தம்பதியர் பிளாஸ்டிக் புட்டிகளில் 40 கிலோ மணலோடு துறைமுகத்தில் பிடிபட்டார்கள். ஸ்திந்தினோ ஊரின் லா பெலோஸா கடற்கரைக்கு நாளொன்றுக்கு 1,500 பேருக்கு மேல் அனுமதி இல்லை. முன்பதிவு, 3.50 யூரோ கட்டணம், துண்டுக்குக் கீழே கோரைப்பாய் போன்ற விரிப்பு கட்டாயம். ஈரத் துண்டில் ஒட்டிக்கொண்டு போகும் மணல்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கரையில் பழுப்பாகக் குவிந்து கிடக்கும் சருகைப் பார்த்து, ஹோட்டல் விருந்தினர்கள் குப்பை என்று முகம் சுளிப்பதுண்டு. அது பொசிதோனியா என்ற கடற்புல். மத்தியதரைக் கடலுக்கு மட்டுமே உரியது. கடலடியில் அது புல்வெளியாகப் பரந்து மீன்குஞ்சுகளுக்கு வீடாகிறது, மண்டியைப் பிடித்து வைத்துத் தண்ணீரைப் பளிங்காக்குகிறது. உதிர்ந்து கரை ஒதுங்கிய பிறகும் அலை மணலை அரித்துப் போகாமல் தடுக்கிறது. நங்கூரம் பாய்ச்சும் ஒவ்வொரு படகும் அந்தப் புல்லைக் கிழிக்கிறது. மிதவையில் படகைக் கட்டுங்கள் என்று லா மத்தலேனா தேசியப் பூங்கா கேட்டுக்கொள்வது அதனால்தான். கண்ணாடி போன்ற தண்ணீருக்கு ஆசைப்படுகிறவர்கள் கரையில் கிடக்கும் சருகையும் மதிக்க வேண்டும்.

பணம் மலையேறுவதில்லை

கோஸ்டா ஸ்மெரால்டாவின் வெற்றியில் ஒரு பெரிய குறையும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது வெறும் விளம்பரமாகிவிடும். கரைக்கு வந்த செல்வம் மலைக்கு ஏறவில்லை. ஹோட்டல்கள் மே மாதத்தில் திறந்து அக்டோபரில் மூடுகின்றன. போர்ட்டோ செர்வோ குளிர்காலத்தில் ஏறக்குறைய வெறிச்சோடிவிடும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அரை ஆண்டுதான் ஊதியம். உள்நாட்டுக் கிராமங்களில் இளைஞர்கள் தங்குவதில்லை. இத்தாலியிலேயே பிறப்பு விகிதம் மிகக் குறைவான பகுதி சார்டினியாதான். ஒல்லொலாய் என்ற மலைக்கிராமம் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவுக்குத் தருகிறோம், வந்து குடியேறுங்கள் என்று உலகை அழைத்தது.

1970-களில் இந்த ஏற்றத்தாழ்வு கொடூரமாகவும் வெளிப்பட்டது. பணத்துக்காக ஆட்களைக் கடத்துவது தீவில் ஒரு தொழிலாகவே நடந்தது. இத்தாலியின் புகழ்பெற்ற பாடகர் ஃபப்ரீத்ஸியோ தெ ஆந்த்ரே 1979 ஆகஸ்டில் கல்லூராவிலிருந்த தம் பண்ணையிலிருந்து கடத்தப்பட்டு, சுமார் 4 மாதம் மலையில் வைக்கப்பட்டார். அந்தக் காலம் போய்விட்டது. இன்று சார்டினியா அமைதியான தீவு. ஆனால் கரைக்கும் மலைக்கும் நடுவே உள்ள தூரம் அப்படியே இருக்கிறது.

அந்தத் தூரத்தைப் பயணிகள் கொஞ்சமாவது குறைக்க முடியும். போர்ட்டோ செர்வோவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சான் பந்தலேயோ வந்துவிடும். கூர்மையான பாறைகளுக்குக் கீழே கல்வீடுகளோடு இருக்கும் சின்ன ஊர். வியாழக்கிழமைகளில் சந்தை கூடும். அருகிலுள்ள ஆர்ஸகேனா ஊரைச் சுற்றி வெண்கலக் கால நுராகே கோபுரங்களும், கொத்து வெக்கியு என்ற பிரம்மாண்டக் கல்லறையும் இருக்கின்றன. நுராகே என்பவை சார்டினியாவில் மட்டுமே உள்ள கற்கோபுரங்கள். தீவெங்கும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இன்னும் உள்ளே போனால் காலாஞ்ஜானுஸ். மது புட்டிகளுக்கு அடைக்கும் தக்கை விளையும் ஓக் மரக்காடுகளின் ஊர். பட்டை உரித்த மரம் மறுபடி பட்டை தர ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். பொறுமையாகக் காத்திருந்து எடுக்கும் செல்வம் அது.

சாப்பாட்டுக்கும் மலைதான் தாய்வீடு. அப்பளம் போல மெல்லிய பானே கராசாவ் ரொட்டி, இடையர்கள் மாதக்கணக்கில் கெடாமல் வைத்துச் சாப்பிட்டது. உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, புதினா வைத்து நெற்கதிர் போலப் பின்னி மூடும் குலுர்ஜோனெஸ், சைவப் பிரியர்களுக்கும் ஏற்றது. பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்துத் தேன் ஊற்றித் தரும் சியாதாஸ் இனிப்பைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. இவை எல்லாம் பண்ணை வீடுகளில், ஹோட்டல் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். அந்தப் பணம் உள்ளூர்க் குடும்பத்துக்கே போய்ச் சேரும்.

போக நினைப்பவர்களுக்கு

எப்போது: ஜூன் மாதமும் செப்டம்பரும் சிறந்தவை. செப்டம்பரில் கடல் நன்றாகச் சூடேறியிருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், கட்டணமும் இறங்கியிருக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள். அப்போது இத்தாலி முழுவதுமே விடுமுறையில் கடலுக்கு வந்துவிடும்.

எப்படி: இந்தியப் பயணிகளுக்கு ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ரோம் அல்லது மிலான் வந்து, அங்கிருந்து ஒல்பியாவுக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கலாம். ரோமுக்கு அருகே சிவித்தாவெக்கியா துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. தீவில் சுற்ற வாடகைக் கார் இருந்தால் நல்லது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி அவசியம்.

எங்கே தங்குவது: பெரிய ஹோட்டலில் தங்கியே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால், பருவத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஓரிரு இரவு எடுங்கள். அறையைவிட இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மீதி நாட்களுக்கு ஆர்ஸகேனா, சான் பந்தலேயோ சுற்றியுள்ள பண்ணை வீடுகள் போதும். பாலாவிலிருந்து கப்பலில் கால் மணி, இருபது நிமிடத்தில் லா மத்தலேனா போய்விடலாம்.

என்ன கவனிக்க வேண்டும்: வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று வீசும் நாளில் கடல் பொங்கும். அன்று காற்றுக்கு மறைவான கிழக்குப் பக்கக் கரைக்குப் போங்கள். மணல், கல், சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். கூழாங்கல்லும் சட்டத்தில் அடங்கும்.

ஒரு நல்ல கடலோர ஹோட்டலை எப்படி அடையாளம் காண்பது என்று யாராவது கேட்டால், கோஸ்டா ஸ்மெரால்டா ஒரு தெளிவான அளவுகோலைக் கொடுக்கிறது. அந்த ஹோட்டல் வந்த பிறகும் கரை முன்பிருந்தபடியே தெரிகிறதா? பக்கத்து ஊர்க்காரர் அந்தக் கடலில் இறங்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வந்தால் அங்கே தாராளமாகச் செலவழிக்கலாம். இல்லையென்றால் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் அங்கே அறை எடுக்காதீர்கள். கடற்கரைகள் கட்டப்படுவதும் காக்கப்படுவதும் கடைசியில் பயணிகள் தங்கள் பணத்தை எங்கே கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு முன்பதிவு செய்யும்போது அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.